ஏலத்தோட்டத்து மேட்டுக்கு எந்த மோட்டார்?

கம்பத்தில் எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் கிணற்று மோட்டார், போர் மோட்டார், கல்யாண மண்டபத்து கிரைண்டர். காயில் கட்டிக் கொடுப்பதுதான் தொழில். போன வருஷம் மழைக்கு முன்னால் மனைவியின் தம்பி வந்து நின்றான். கம்பமெட்டு செக்போஸ்ட் தாண்டி, கேரளாவில் வண்டன்மேட்டுப் பக்கம் அவனுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. பறித்த பச்சைக்காயைப் பள்ளத்திலிருந்து மேலே காயை உலர்த்துகிற ஸ்டோருக்குத் தூக்கிக் கொண்டுபோக ஆள் கிடைப்பதில்லை.

"மச்சான், பேட்டரியில ஓடுற மாதிரி ஒரு மூணு சக்கர வண்டி செஞ்சு குடுங்க. நூறு கிலோ ஏத்தணும், அவ்வளவுதான்."

அவன் சொன்ன அந்த 'அவ்வளவுதான்' எனக்கு எட்டு மாத வேலையாக இழுத்தது. ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோதான் மிஞ்சும். ஆக, நாங்கள் இவ்வளவு பாடுபட்டு மேட்டில் ஏற்றியதில் பெரும்பங்கு தண்ணீர். சரி, அது வேறு கதை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தோட்டத்துக்குள் மட்டும் ஓடுகிற வண்டி. கையால் செய்த வண்டியைப் பதிவில்லாமல் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது. 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம் என்று பேசிக்கொள்கிறார்களே, அந்தச் சலுகையும் சோதனை நிலையத்தில் சான்று வாங்கிய மாடலுக்குத்தான். பட்டறையில் வெல்டிங் வைத்ததற்கு இல்லை.

மோட்டார் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் பார்ப்பது வாட். 1000 வாட்டா, 1500 வாட்டா? நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது கேட்டால், வாட்டைக் கடைசியில் பாருங்கள், முதலில் மேட்டைப் பாருங்கள் என்பேன்.

மேட்டைக் கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து அளந்தோம். மோசமான இடத்தில் 8 அடி போனால் 1 அடி ஏற்றம். வண்டி 130 கிலோ, ஓட்டுகிறவர் 70, சுமை 100, மொத்தம் 300 கிலோ. எட்டுக்கு ஒன்று என்றால் சரிவு மட்டும் பின்னால் இழுப்பது 37 கிலோ. மண்பாதையில் டயர் உருள்வதற்கு எடையில் நூற்றுக்கு மூன்று என்று வைத்தால் இன்னொரு 9 கிலோ. ஆக 46 கிலோ இழுவை வேண்டும். சமதளத்தில் அந்த 9 கிலோ மட்டும் போதும். ஒரே வண்டிதான், ஆனால் மேட்டில் ஐந்து மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது.

மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் இது ஏறக்குறைய 1000 வாட் வருகிறது. "அப்ப ஆயிரம் வாட் மோட்டார் போதுமே" என்றான் மாப்பிள்ளை. இங்கேதான் ஆள் ஏமாறுவது. மோட்டாரில் எழுதியிருக்கும் 1000 வாட் அது நிமிடத்துக்கு 2800 சுற்றில் ஓடும்போது தருவது. அந்தச் சுற்றில் அதன் முறுக்குவிசை 3.4 நியூட்டன் மீட்டர்தான். எங்கள் சக்கரத்தின் ஆரம் 23 சென்டிமீட்டர். 46 கிலோ இழுவைக்குச் சக்கரத்தில் 104 நியூட்டன் மீட்டர் வேண்டும். நடுவில் இருக்கிற இந்த இடைவெளியை நிரப்புவது கியர். எந்த மோட்டார் என்ற கேள்வியில் பாதி, எந்தக் கியர் என்பதுதான்.

ஹப் மோட்டார்

மாப்பிள்ளை முதலில் கொண்டுவந்தது கட்டப்பனையில் பழைய ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய ஹப் மோட்டார். 48 வோல்ட், 1000 வாட். செயின் இல்லை, ஸ்பிராக்கெட் இல்லை, சக்கரமே மோட்டார். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் மேஜையில் வைத்தே இரண்டு சோதனை செய்துவிடலாம். டிரில்லில் ஒரு ரப்பர் உருளையை மாட்டி, டயரோடு ஒட்டிப் பிடித்துச் சுற்றவிட்டோம். சுற்று எண்ணுகிற டாக்கோமீட்டர் 200 காட்டியபோது, மோட்டாரிலிருந்து வருகிற மூன்று தடித்த ஃபேஸ் வயரில் எந்த இரண்டுக்கு நடுவிலும் மல்டிமீட்டர் ஏசி 11.3 வோல்ட் காட்டியது. மூன்று ஜோடியிலும் ஒரே அளவு; ஆக வைண்டிங் சமமாக இருக்கிறது. 11.3-ஐ 1.414-ஆல் பெருக்கினால் உச்சம் 16 வோல்ட். 200-ஐ 16-ஆல் வகுத்தால் வோல்ட்டுக்கு 12.5 சுற்று. 48 வோல்ட்டில் சுமையில்லாமல் 600 சுற்று ஓடும். 9.55 என்ற மாறா எண்ணை அந்த 12.5-ஆல் வகுத்தால் ஒரு ஆம்பியருக்கு 0.76 நியூட்டன் மீட்டர் தரும். விற்கிறவர் சொல்லாத எல்லாவற்றையும் இந்த ஒரு சோதனை சொல்லிவிடுகிறது.

அடுத்தது வைண்டிங்கின் மின்தடை. சாதாரண மல்டிமீட்டரால் 0.1 ஓம் அளக்க முடியாது, அதன் புரோப் வயரே அவ்வளவு காட்டும். பைக் ஹெட்லைட் பல்பு 55 வாட் ஒன்றை 12 வோல்ட் பேட்டரியோடும் இரண்டு ஃபேஸ் வயரோடும் சீரிஸில் போடுங்கள். நாலரை ஆம்பியர் ஓடும். இப்போது ஃபேஸ் வயர் இரண்டின் நுனியிலும் டிசி வோல்ட் பாருங்கள். எங்களுக்கு 0.45 வந்தது. வகுத்தால் 0.1 ஓம். காயில் பட்டறைக்காரன் சீரிஸ் லேம்ப் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டமாட்டான். அதே பழக்கம் இங்கேயும் உதவியது.

இனி கணக்கு. 104 நியூட்டன் மீட்டருக்கு 136 ஆம்பியர் வேண்டும். அதன் வர்க்கத்தை 0.1-ஆல் பெருக்கினால் 1850 வாட் வெறும் சூடு. சக்கரம் செய்கிற வேலை 1000 வாட், வைண்டிங்கில் கொதிப்பது 1850. மூடிய சக்கரத்துக்குள் இரண்டு இஸ்திரிப் பெட்டியைப் போட்டு மூடியதுபோல. பேட்டரியிலிருந்து 60 ஆம்பியர் உறிஞ்சும். இதற்குமேல் அவ்வளவு ஆம்பியரில் மோட்டாரின் இரும்பு இனிமேல் காந்தம் ஏற்காத அளவுக்கு நிறைந்துபோனால் அந்த 0.76-உம் குறையும். இரண்டு பின் சக்கரத்திலும் ஹப் போட்டால் சுமை பாதி பாதியாகும், மொத்தச் சூடும் பாதியாகும். அப்படியும் 925 வாட்.

சைக்கிளுக்கு வருகிற கியர் வைத்த ஹப் வேறு வகை. உள்ளே நைலான் பல்சக்கரம். நூறு கிலோ மூட்டைக்கு அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மழையும் இருக்கிறது. ஏலமலையில் ஜூனில் பிடித்தால் எளிதில் விடாது. ஹப்பில் வயர் அச்சின் துளை வழியாக உள்ளே போகிறது. அந்த வழியாகவே தண்ணீரும் போகும். போனது வெளியே வராது.

பிரஷ் மோட்டார்

ஹப்பை ஒதுக்கிவிட்டு, கார்பன் பிரஷ் வைத்த 48 வோல்ட் டிசி மோட்டார் ஒன்றைச் செயினில் மாட்டினேன். எனக்குப் பிடித்த வகை இது என்று ஒப்புக்கொள்கிறேன். இரண்டே வயர். பேட்டரியைத் தொட்டால் ஓடும், மாற்றித் தொட்டால் திரும்பி ஓடும். காந்தம் எங்கே நிற்கிறது என்று சொல்கிற ஹால் சென்சார் கிடையாது, ஃபேஸ் குழப்பம் கிடையாது. பிரஷ் உரசுகிற கம்யூட்டேட்டர் தேய்ந்தால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். பழுது வந்தால் தோட்டத்திலேயே பிரஷ் மாற்றலாம். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடுகிற கன்ட்ரோலரும் மலிவு.

அந்த மலிவுக் கன்ட்ரோலர்தான் எங்களை ஒரு நாள் ஓடவிட்டது. காலி வண்டியை ஸ்டோர் முற்றத்தில் மாப்பிள்ளை ஓட்டிப் பார்த்தான். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டான், வண்டி நிற்கவில்லை. இன்னும் வேகமெடுத்தது. சாவியைத் திருப்பி ஆஃப் செய்தான், அதற்கும் நிற்கவில்லை. பலா மரத்தில் முட்டி, சக்கரம் மண்ணைத் தோண்டிக்கொண்டே நின்றது. நான் ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினேன். விரலில் பட்ட தீப்பொறித் தழும்பு இன்னும் இருக்கிறது.

காரணம் எளிது. கன்ட்ரோலருக்குள் சுவிட்ச் மாதிரி வேலை செய்கிற மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். பிரஷ் மோட்டாருக்கு அது முழு ஆக்சிலேட்டர் கொடுத்த மாதிரி. சாவி கன்ட்ரோலரின் மூளையை மட்டும்தான் அணைக்கும், பெரிய வயரை அது தொடுவதே இல்லை. பிரஷ் இல்லாத மோட்டாரில் இந்த ஆபத்து கிடையாது. அங்கே சுற்ற வேண்டுமானால் மூன்று ஃபேஸும் முறை மாறி மாறி மின்சாரம் பெற வேண்டும். மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் சக்கரம் பிரேக் பிடித்ததுபோல இறுகும். அதுவும் வேகத்தில் போகும்போது நல்லதில்லை, ஆனால் மரத்தில் கொண்டுபோய் முட்டாது.

பிரஷ் மோட்டாரை வைத்தே ஆக வேண்டும் என்கிறவர்கள், பெரிய வயரையே துண்டிக்கிற கான்டாக்டர் ஒன்றைப் போடுங்கள். இழுத்தால் கழன்று வருகிற ஆண்டர்சன் கனெக்டரில் ஒரு கயிறு கட்டிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் விடுங்கள். எந்த மோட்டாராக இருந்தாலும் இந்தக் கயிறு எங்கள் வண்டியில் இப்போது இருக்கிறது.

நடுவில் எனக்கு ஒரு தொழில் சபலம். கிணற்று மோட்டாரையே குறைந்த வோல்ட்டுக்குக் காயில் மாற்றிக் கட்டினால் என்ன? 48 வோல்ட் பேட்டரியிலிருந்து மூன்று ஃபேஸ் ஏசி எடுத்தால் 30 வோல்ட் சொச்சம்தான் வரும். 415-ஐ 30-ஆக்க வேண்டுமானால் சுற்றுகளைப் பதினான்கில் ஒரு பங்காகக் குறைத்து, கம்பியின் குறுக்குவெட்டைப் பதினான்கு மடங்காக்க வேண்டும். கட்டிவிடலாம், கட்டியும் பார்த்தேன். காந்தம் இல்லாததால் சூட்டில் காந்தம் செத்துப்போகும் பயமும் இல்லை. ஆனால் அந்த வோல்ட்டில் இண்டக்‌ஷன் மோட்டாரை ஓட்டுகிற கன்ட்ரோலர் கர்ட்டிஸ் மாதிரி பெரிய கம்பெனிகளிடம்தான். அதன் விலையில் வண்டியையே இரண்டு முறை செய்யலாம். அந்த மோட்டார் இப்போது பட்டறையில் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

ஈ-ரிக்‌ஷா மோட்டார்

கடைசியில் வந்து சேர்ந்தது ஈ-ரிக்‌ஷாவுக்கு வருகிற, பிரஷ் இல்லாத பிஎல்டிசி மோட்டாரும், அதோடு நேராகப் பூட்டுகிற டிஃபரென்ஷியல் ஆக்சிலும். 48 வோல்ட், 1000 வாட். உதிரி எங்கும் கிடைக்கும், ஆக்சில் தயாராக வருகிறது, டிரம் பிரேக் கூடவே இருக்கிறது. இதன் அழகே இந்தச் சாதாரணத்தனம்தான்.

அதே டிரில், அதே பல்பு. வோல்ட்டுக்கு 62.5 சுற்று, ஆம்பியருக்கு 0.153 நியூட்டன் மீட்டர், மின்தடை 0.04 ஓம். ஆக்சிலின் குறைப்பு 1:10. கியரில் பத்து சதவீதம் போகட்டும் என்று விட்டால், மோட்டார் தர வேண்டியது 11.6 நியூட்டன் மீட்டர், 76 ஆம்பியர். சூடு 231 வாட். பேட்டரியிலிருந்து 28 ஆம்பியர். ஹப் கேட்ட 60-இல் பாதிகூட இல்லை.

ஆனாலும் 11.6 என்பது அந்த மோட்டாரின் 3.4-க்கு மூன்று மடங்குக்கு மேல். கொஞ்ச நேரம் தாங்கும், நாள் முழுக்கத் தாங்காது. சுமை வண்டிக்கென்று லோ கியர் நெம்புகோல் வைத்த ஆக்சில் விற்கிறது. இன்னொரு இரண்டு மடங்கு குறைக்கும். அதைப் போட்டதும் 38 ஆம்பியர், 58 வாட் சூடு. வேகம் மணிக்குப் பதின்மூன்றைத் தாண்டாது. தோட்டத்துக்குள் அதற்குமேல் வேகம் எதற்கு?

இதைவிட வலுவான, சக்கரத்தில் இல்லாமல் வண்டியின் நடுவில் வைக்கிற 3000 வாட் மோட்டார்கள் இருக்கின்றன, பைக் செய்கிற பையன்கள் விரும்பி வாங்குவது. சாலை வேகமும் வேண்டும், மேடும் ஏற வேண்டும் என்றால் அது சரி. எங்களுக்கு வேண்டியது 8 கிலோமீட்டர் வேகம்.

கன்ட்ரோலர்

கடைக்காரர் "48 வோல்ட், 30 ஆம்பியர்" என்பார். அந்த 30 பேட்டரி ஆம்பியர். மேட்டில் மெதுவாக ஏறும்போது மோட்டாருக்குள் ஓடுவது அதைவிடப் பல மடங்கு. எங்கள் ஹை கியர் கணக்கையே பாருங்கள்: பேட்டரியில் 28, ஃபேஸில் 76. மோட்டாரைச் சுடுவது இரண்டாவது எண். அதனால் பேட்டரி ஆம்பியரையும் ஃபேஸ் ஆம்பியரையும் தனித்தனியாக வரம்பு வைக்க முடிகிற கன்ட்ரோலர்தான் வேண்டும். கெல்லி, வோட்டால், ஃபார்டிரைவர் எல்லாம் இதைச் செய்யும். டப்பாவில் வருகிற சாதாரண ரிக்‌ஷா கன்ட்ரோலர் செய்யாது.

வோல்ட் விஷயத்தில் ஸ்டிக்கரை நம்பாமல் மூடியைத் திறந்து கபாசிட்டரைப் பாருங்கள். 63 வோல்ட் என்று எழுதியிருக்கும். 16 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி முழு சார்ஜில் 58.4 வோல்ட், அதற்குள் அடங்கும், ஆனால் விளிம்பில். ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெட்டர் உருவாக்கிய விஇஎஸ்சி எனக்கு மிகவும் பிடித்த கன்ட்ரோலர். மோட்டாரின் மின்தடை, இண்டக்டன்ஸ் எல்லாவற்றையும் அதுவே அளந்துகொள்ளும், நான் டிரில் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பிரபலமான வகைகளின் உச்சவரம்பு 60 வோல்ட். முழு சார்ஜில் ஒன்றரை வோல்ட் இடைவெளியை நம்பி மலையிறங்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கன்ட்ரோலர் மோட்டாருக்கு மின்சாரம் அனுப்புகிற விதத்தில் ஸ்கொயர் வேவ், சைன் வேவ் என்று இரண்டு சொல்வார்கள். சமதளத்தில் சத்தத்தைத் தவிரப் பெரிய வித்தியாசம் தெரியாது. மேட்டில் நிறுத்தி, சுமையோடு மறுபடி கிளப்பும்போது தெரியும். ஸ்கொயர் வேவ் வெட்டி வெட்டி இழுக்கும், மூட்டை பின்னால் சரியும். சைன் எடுத்தோம். ஹால் சென்சார் இல்லாமல் ஓட்டுகிற வகைகளும் உண்டு. மேட்டில் நின்ற இடத்திலிருந்து கிளம்பத் திணறும், வேண்டாம்.

முதல் முறை பேட்டரி கொடுக்கும்போது நேராகச் சொருகாதீர்கள். 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகச் சில நொடி கபாசிட்டரை நிரப்பிவிட்டு, பிறகு சொருகினால் தீப்பொறி இல்லை. அதற்கும் முன்னால் மல்டிமீட்டரை டயோடில் வைத்து, சிவப்பு புரோப்பைக் கன்ட்ரோலரின் நெகட்டிவிலும் கறுப்பை ஒவ்வொரு ஃபேஸிலும் தொடுங்கள். மூன்றும் 0.4, 0.5 வோல்ட் பக்கம் ஒரே மாதிரி காட்ட வேண்டும். பீப் என்றால் உள்ளே மாஸ்ஃபெட் ஷார்ட். புதுசு என்று வாங்கியதிலேயே எனக்கு ஒன்று பீப் அடித்தது.

ஃபேஸும் ஹாலும் சரியாகச் சேர்ந்தால் தூக்கி வைத்த சக்கரம் அமைதியாகச் சுற்றும், ஆம்பியர் ஒன்றிரண்டில் நிற்கும். தப்பான சேர்க்கையிலும் சில சமயம் சுற்றும். உறுமிக்கொண்டு, ஆம்பியர் எகிறிக்கொண்டு. 'சுத்துதுல்ல, போதும்' என்று விட்டால் முதல் மேட்டில் கன்ட்ரோலர் போய்விடும்.

மேட்டில் போட்ட சோதனை

வண்டி தயாரானதும் முதல் வேலை மரத்தில் கட்டியது. வேறெதற்கு, அதே பலா மரம்தான். மூட்டை நிறுக்கிற தொங்கு தராசை மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டி, சுமை ஏற்றி, ஆக்சிலேட்டரை இரண்டு மூன்று நொடி மட்டும் கொடுத்தோம். அதற்குமேல் கொடுத்தால் நின்ற மோட்டார் கருகும். ஹை கியரில் தராசு 58 கிலோ காட்டியது. தேவை 46; ஓடுகிற வண்டி ஏறிவிடும், ஆனால் நின்று கிளம்பச் சிரமப்படும். லோ கியரில் 90 தாண்டியதும் டயர் மண்ணில் சறுக்கியது. அதற்குமேல் மோட்டாருக்கு வேலை இல்லை.

அடுத்தது சூடு. மோட்டார் மூடியில் கை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. வெளியே கை பொறுக்கிற சூடு இருக்கும்போது உள்ளே வைண்டிங் எங்கேயோ போயிருக்கும். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரியிலேயே தளரத் தொடங்கும், சூடு தாங்கும் ரகம் 150 வரை போகும். நாம் வாங்கியது எது என்று யாரும் எழுதித் தருவதில்லை.

இதற்குக் காயில் கட்டுகிறவனிடம் ஒரு வழி இருக்கிறது. செம்பு சூடானால் அதன் மின்தடை ஏறும், கணக்காக ஏறும். காலையில் குளிர்ந்த மோட்டாரில் அதே ஹெட்லைட் பல்பைப் போட்டு அளந்தேன்: 25 டிகிரியில் 180 மில்லிவோல்ட். ஹை கியரில் மூன்று நடை முழுச் சுமையோடு ஏறி, மேலே வந்த நிமிடமே வயரைக் கழற்றி மறுபடி அளந்தேன்: 234. பல்பின் ஆம்பியர் மாறாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1.3 மடங்கு. குளிர்ந்திருந்தபோதைய வெப்பத்தோடு செம்புக்கான மாறா எண் 234.5-ஐக் கூட்டி, 1.3-ஆல் பெருக்கி, 234.5-ஐக் கழித்தால் 103 டிகிரி. மூன்றே நடையில். அறுவடை நாளில் இருபது நடை போக வேண்டும்.

மறுநாள் லோ கியரில் அதே மூன்று நடை. 202 மில்லிவோல்ட், 57 டிகிரி. அதோடு ஹை கியர் நெம்புகோலுக்குக் குறுக்கே ஒரு போல்ட் போட்டு அடைத்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

நான் கணக்கில் விட்ட ஒன்று இறக்கம். இறங்கும்போது மோட்டார் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், நல்லதுதான். ஆனால் சார்ஜர் இருப்பது மேலே ஸ்டோரில். இரவெல்லாம் சார்ஜ் ஏறி, காலையில் முழு பேட்டரியோடு பள்ளத்துக்கு இறங்கினால் அந்த மின்சாரம் போக இடமில்லை. பேட்டரியைக் காக்கிற பிஎம்எஸ் சர்க்யூட் சட்டென்று துண்டிக்கும். பிடித்துக்கொண்டிருந்த மோட்டார் பிரேக் கையை விட்டுவிடும், கன்ட்ரோலரில் வோல்ட் எகிறும். இப்போது சார்ஜை 90 சதவீதத்தில் நிறுத்துகிறோம். இறக்கத்துக்கு டிரம் பிரேக்தான் முதல் நம்பிக்கை.

அந்த ஹப் மோட்டார் வீணாகவில்லை. கீழே கம்பத்தில் மாமனாரின் திராட்சைத் தோட்டம் பலகை மாதிரி சமம். அதே எடை, அதே சக்கரம், 9 கிலோ இழுவை: 27 ஆம்பியர், 73 வாட் சூடு. பந்தலுக்கடியில் பெட்டி ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் ஓடுகிறது. "இதத்தானே நான் மொதல்லயே கொண்டாந்தேன்" என்று மாப்பிள்ளை வரும்போதெல்லாம் சொல்கிறான்.